துண்டுக்கடியில் ஒரு கூப்பாடு

பொன்னாத்தாள் வாயை மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அவள் புருஷன் சீனிச்சாமி கவலைப்பட்டிருக்க மாட்டார். அந்த மாதிரி நாலு நாள் வாய்க்காதா என்று ஏங்கியவர்தான் அவர். ஆனால் இது வேறு ரகம். அவரிடம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அன்னத்தாயிடமும் அவள் பேசவில்லை. கோழிகளைக்கூட வாயால் கூப்பிடவில்லை. முறத்தைத் தட்டித்தான் வரவழைத்தாள்.

காமயகவுண்டன்பட்டியில் பொன்னாத்தாளின் குரலுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. வீட்டு வாசலில் நின்று ‘அரை வீசை புளி’ என்று அவள் சொன்னால், தெருக்கோடிக் கடைக்காரர் அங்கே தராசைத் தூக்கிவிடுவார். அப்படிப்பட்ட குரல் நின்று போனதும் தெருவே ஏதோ திருட்டுப் போனது போல விழித்தது.

சீனிச்சாமிக்கு அது இன்னும் கூடுதலாக உறைத்தது. அவர் மாட்டுத் தரகர். அந்தத் தொழிலில் வாய்க்கு வேலை கிடையாது. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கடியில் சந்தித்துக்கொள்ளும். விரலைப் பிடித்தால் ஒரு விலை, உள்ளங்கையை அழுத்தினால் இன்னொரு விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் பேரம் நடந்தது இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷமாக அப்படியே பழகிப்போய், அவருக்குத் தொண்டை என்பது கஞ்சி இறங்கும் வழியாக மட்டும் மிஞ்சிவிட்டது. வீட்டுக்கு வேண்டிய சத்தத்தையெல்லாம் பொன்னாத்தாள்தான் போட்டு வந்தாள். இப்போது இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது.

காரணம் என்னவென்று சீனிச்சாமிக்குத் தெரியும். அதுதான் அவரைத் தின்றது.

பொன்னாத்தாளின் அண்ணன் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு செவலைப் பசுவைச் சீராக ஓட்டி வந்து கட்டியிருந்தான். பிறந்த வீட்டு மாடு. ‘எங்க அண்ணன் குடுத்த மாடு’ என்று அவள் சொல்லாத நாள் இல்லை, கேட்காத காது அந்தத் தெருவில் இல்லை. ஒருநாள் அவள் அன்னத்தாயோடு வண்டி கட்டிக் குச்சனூர்க் கோயிலுக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து, உழவு மாடு தேடிக் கூடலூர்ச் சுயம்புலிங்கம் வந்தார். வந்தவர் கண் செவலை மேல் விழுந்தது. அவர் கை துண்டுக்கடியில் வந்தது. முப்பது ரூபாய் பெறாத மாட்டுக்கு நாற்பத்திரண்டு ரூபாயை விரல்கள் சொல்லின. விரல் பேசத் தொடங்கினால் சீனிச்சாமிக்குப் பெண்டாட்டி, பிறந்த வீடு, சீர் எதுவும் நினைவுக்கு வராது. மாடு போய்விட்டது.

சாயங்காலம் பொன்னாத்தாள் வந்தாள். வெறும் தொழுவத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

“ஏ பொன்னாத்தா, நல்ல வெலை வந்துச்சு, அதான்...” என்று இழுத்தார் சீனிச்சாமி.

அவள் தொழுவத்தைக் கையால் காட்டினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டியது.

சுண்டுவிரல் அசைவில் எட்டணா வித்தியாசம் கண்டுபிடிக்கிறவருக்கு இது புரியாதா? ‘மாடு போச்சு. என் வாயும் போச்சு. மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்.’ அன்றைக்கு மூடிய வாய்தான்.

முதலில் கோபம் என்று நினைத்தார். பத்தாம் நாள் பயம் வந்தது. மாதம் திரும்பியதும் வைத்தியர் வைகுண்டராஜிடம் போய்க் கூச்சத்தோடு சொன்னார். அவர் நாடி பார்க்காமலே சொல்லிவிட்டார்.

“அதிர்ச்சியில அடைச்ச வாய்யா. இன்னொரு அதிர்ச்சியிலதான் தெறக்கும். மாட்டைக் கொண்டாந்து கட்டும்.”

அன்னத்தாயைக் கேட்டிருக்கலாம். ஆனால் தன் பெண்டாட்டி ஏன் பேசவில்லை என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் எந்த ஆம்பிளை போய்க் கேட்பான்? ராத்திரியும் பகலும் வீட்டில் பாத்திரம் மட்டும் பேசியது. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். இருபது வருஷத்தில் அவளிடம் ஒரு காரியமாவது வாய்விட்டுக் கேட்டுச் செய்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூடத் தலையைத்தான் ஆட்டியிருந்தார்.

சீனிச்சாமி கூடலூருக்குக் கிளம்பினார்.

சுயம்புலிங்கம் அவரைக் கண்டதும் வரவேற்கவில்லை.

“வாரும்யா. மாடா வித்தீரு? பேயில்ல வித்தீரு! ஒதைச்ச ஒதையில மூணு செம்பு நசுங்கிருச்சு. எங்க வீட்டுல முட்டிய வீங்க வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

சீனிச்சாமி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். வாங்கின சரக்கை மட்டம் தட்டுகிறான் என்றால் கழிவு கேட்கப் போகிறான் என்று அர்த்தம். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

“அதைத் திருப்பிக் குடுத்துருங்க. குடுத்த காசை அப்பிடியே வாங்கிக்கிடுங்க.”

“இதைப் போன வாரம் வந்து சொல்றதுக்கென்ன? கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. எவன் வெள்ளாமையிலயோ மேஞ்சு, கொண்டித் தொழுவத்துல கொண்டு போய் அடைச்சுட்டாக.”

“தண்டத்தை நான் கட்டுறேன். நீங்க வந்து ஒங்க மாடுன்னு சொன்னாப் போதும்.”

சுயம்புலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அழிமானத்துக்கும் சேத்துக் கேப்பாகளேன்னு, அது என் மாடே இல்லைன்னு கைநாட்டு வச்சுக் குடுத்துட்டேன்.”

பயிரை மேய்ந்து அழித்த மாடுகளை அடைக்கும் அந்தத் தொழுவம், கம்பம் ரோட்டில் ஒரு புளியந்தோப்பை ஒட்டி இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் செவலை நின்றது. சீனிச்சாமியைப் பார்த்தது. பின்காலைத் தூக்கி ஈ ஓட்டியது. தன்னை அடையாளம் கண்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

குமாஸ்தா ஞானசிகாமணி மேஜைக்குப் பின்னால் இருந்தார். சீனிச்சாமி பக்கத்தில் போய், பழக்க தோஷத்தில், அவர் கை மேல் துண்டைப் போட்டு ஒரு விரலைப் பிடித்தார்.

ஞானசிகாமணி தேள் கொட்டினாற்போல எழுந்தார். “லஞ்சமாய்யா குடுக்குற? பட்டப்பகல்ல?”

“லஞ்சமில்லைங்கய்யா. வெலை கேக்குறேன்.”

“இங்கன வெலை கையில கேக்கப்படாது. நோட்டீஸ் ஒட்டியிருக்குல்ல? வர்ற திங்கக்கிழமை ‘பப்ளிக் அவுட்க்ரை’, பொது ஏலம். நாலு பேருக்கு முன்னால வாய்விட்டுக் கூவிக் கேக்கணும். கூவாதவுகளுக்கு மாடு கெடையாது.”

“அந்த ‘க்ரை’ன்னா என்னங்கய்யா அர்த்தம்?”

பதினோரு வருஷமாக நோட்டீஸ் எழுதுகிற ஞானசிகாமணியிடம் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த அகராதியை எடுத்துத் தூசி தட்டினார்.

“கூப்பிட்டாலும் க்ரை. கத்துனாலும் க்ரை. காப்பாத்துங்கன்னு ஓலம் விட்டாலும் க்ரை. தெருவுல உப்பு உப்புன்னு வித்துக்கிட்டுப் போறான் பாரு, அதுவும் க்ரைதான். கைப்புள்ளை அழுதாலும் க்ரை, எழவு வீட்டுல அழுதாலும் க்ரை.”

“அழுறதும் கூவுறதும் ஒண்ணாங்கய்யா?”

“வெள்ளைக்காரனுக்கு ஒண்ணுதான்.”

சீனிச்சாமி கவலையோடு யோசித்தார். “அப்ப அவுக வீட்டுல பொம்பளையாளு க்ரை பண்ணுனா, அழுறாளா, சோறு திங்கக் கூப்பிடுறாளான்னு எப்பிடிக் கண்டுக்கிடுவாக?”

“பக்கத்துல என்ன வார்த்தை நிக்குதுன்னு பாக்கணும்யா. ‘க்ரை அப்’னா சரக்கை ஒசத்திப் பேசுறது. ‘க்ரை டவுன்’னா மட்டம் தட்டுறது. ‘க்ரை ஆஃப்’னா பேசி முடிச்ச பேரத்துலருந்து நழுவுறது.”

“அட! நம்ம தரகு பூராவும் அந்த ஒத்தை வார்த்தைக்குள்ளயே இருக்கே!” என்று வியந்தார் சீனிச்சாமி. “நாங்க இம்புட்டையும் சத்தமில்லாமத் துண்டுக்குள்ளயே முடிச்சிருவோம்.”

“திங்கக்கிழமை துண்டு செல்லாது. தொண்டையோட வாரும்.”

தொண்டைக்கு எங்கே போவது? சுக்கு மென்றார். பனங்கற்கண்டு அடக்கிக்கொண்டார். முல்லையாற்றங்கரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, “பத்து ரூவா!” என்று கூவினார். நெல் வயலில் இருந்த கிளிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. களையெடுத்துக்கொண்டிருந்த முருகம்மாள் ஓடி வந்து, “என்னண்ணே, நெஞ்சு வலியா? தண்ணி மோந்தாரவா?” என்று கேட்டாள். பத்து ரூபாய்க்கே இந்தக் கதி என்றால் முப்பதுக்கு ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

குரலை வாடகைக்கு எடுப்பதென்று முடிவு செய்தார்.

கருத்தக்கண்ணன் மலையடிவாரத்துச் சோளக்காட்டுக் காவல்காரன். அவன் ‘ஓய்’ என்றால் காட்டுப்பன்றி வந்த வழியே திரும்பும்.

“ஏலே கருத்தக்கண்ணா, கூவுறது நீயி. வெலை நானு. ஒன் பின்னால நின்னு துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டு முதுகுல சொல்லுவேன். ஒரு விரல் குத்துனா ஒரு ரூவா ஏத்து. உள்ளங்கை வச்சா அஞ்சு ரூவா.”

“அம்புட்டுத்தான மாமா? பன்னி மிரளுறாப்புல கூவிப்புடுறேன்.”

திங்கட்கிழமை தொழுவத்தில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் ஒரு எருமையைப் பார்த்து வந்தவர்கள். செவலையை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எட்டு ரூபாயில் ஏலம் தொடங்கியது. சீனிச்சாமி வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. ஒரு விரலால் குத்தினார்.

“ஒம்பதேய்ய்ய்!” என்றான் கருத்தக்கண்ணன். புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கத்தினவனைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் இருந்த துண்டைப் பார்த்தது.

“ஏப்பா, அங்கன மறைஞ்சு நிக்கிறது தரகர் சீனிச்சாமியில்ல?”

“அவுகளா? அவுக ஆள் வச்சு, முகத்தை மறைச்சு வாங்குறாகன்னா மாட்டுல ஏதோ இருக்குய்யா.”

“சுழி நல்லாருக்குமோ?”

“என்னமோ இருக்கு. பத்து!”

“பன்னெண்டு!”

“பதினஞ்சு!”

எருமைக்கு வந்தவர்கள் எருமையை மறந்தார்கள். ஒருவர் கம்பிக்குள் தலையை விட்டுச் செவலையின் நெற்றியில் சுழி தேடினார். விலை முப்பதைத் தொட்டது. சீனிச்சாமிக்கு வேர்த்துக் கொட்டியது. குமாஸ்தாவிடம் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. கருத்தக்கண்ணன் காதில், “மாட்டை மட்டம் தட்டுடா” என்று கிசுகிசுத்தார்.

“கேளுங்கப்போய்! இது ஒதைகால் மாடு! கயித்தை அறுக்குற மாடு! ஒருத்தரும் கேக்காதீக!” என்று முழங்கினான் அவன்.

 கூட்டத்தில் ஒரு பெரியவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“சீனிச்சாமி தரகரு இம்புட்டு மட்டம் தட்டுறாகன்னா அது தங்கம்யா! நாப்பது!”

அதற்கு மேல் சீனிச்சாமியின் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டில் வாய் பேசாமல் சோறு வைக்கிறவளின் முகம் நினைவுக்கு வந்தது. மாடு போனால் அந்தக் குரல் போனதுதான். கை கருத்தக்கண்ணனின் முதுகில் கிடந்து நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கத்தையும் அவன் ஐந்து ரூபாய் என்று எடுத்துக்கொண்டான்.

“நாப்பத்தஞ்சு! அம்பது! அம்பத்தஞ்சு!”

“நிறுத்துய்யா!” என்றார் ஞானசிகாமணி. “எதிராளி வாயே தெறக்கலை. நீ யாரோட போட்டி போடுற?”

“எனக்கென்ன தெரியும் சாமி? முதுகுல சொல்றாக, வாயில வருது. அறுவது!”

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “அறுவத்தஞ்சு!”

“எழுவது!” என்றான் கருத்தக்கண்ணன்.

“எழுவத்தொண்ணு!” என்றார் பெரியவர்.

ஞானசிகாமணி கையைத் தூக்கினார். “இந்த முதுகு யாவாரமெல்லாம் இனிச் செல்லாது. மாடு வேணுங்குறவுக முன்னால வந்து, சொந்த வாயால கேக்கணும். இல்லைன்னா எழுவத்தொண்ணுக்கு முடிக்கிறேன். ஒரு தரம்...”

சீனிச்சாமி துண்டை விட்டு வெளியே வந்தார். முப்பது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“ரெண்டு தரம்...”

எதைக் கூவப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. எழுபத்தைந்து என்றுதான் நினைத்தார். இருபது வருஷமாக உள்ளே கிடந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்துவிட்டது.

“எழுவத்தஞ்சுய்யா! அது எம் பொண்டாட்டி மாடுய்யா! அவளைக் கேக்காம வித்துப்புட்டேன்யா! பாவி நானு, எனக்குக் குடுத்துருங்கய்யா!”

கூவலாகத் தொடங்கியது ஒப்பாரியாக முடிந்தது. தொழுவத்து எருமைகூட அசை போடுவதை நிறுத்தியது. பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நமக்கு வேணாம்ப்பா. மகராசனா ஓட்டிக்கிட்டுப் போகட்டும்” என்று ஒதுங்கினார்.

ரசீது எழுதிய ஞானசிகாமணி பேனாவைக் கீழே வைத்தார். “பதினோரு வருசமா நோட்டீஸ்ல எழுதுறேன்யா. அவுட்க்ரைன்னா என்னன்னு இன்னைக்குத்தான் காதால கேட்டேன்.”

நாற்பத்திரண்டுக்கு விற்ற மாட்டை எழுபத்தைந்துக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய தரகர் கம்பம் பள்ளத்தாக்கில் அதுவரை கிடையாது. நாளைக்குச் சந்தையில் எவன் தன்னை நம்பித் துண்டுக்கடியில் கை நீட்டுவான் என்று சீனிச்சாமிக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை. வழியெல்லாம் வேறொன்றை நினைத்துத்தான் மருகினார். நல்ல விலை, நல்ல விலை என்று இத்தனை வருஷம் போன மாடுகளோடு, அவளிடம் பேசியிருக்க வேண்டிய எத்தனை பேச்சு போயிற்று! இனிமேல் உப்பு வாங்குவதென்றாலும் அவளை வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவது என்று முடிவு செய்துகொண்டார்.

மாட்டைப் பிடித்து வந்த கருத்தக்கண்ணன் நொண்டிக்கொண்டிருந்தான். வழியில் இரண்டு உதை வாங்கியிருந்தான்.

“மாமா, நான் அங்கன பொய்யின்னு நெனச்சுக் கூவுனேன். மாடு நெசமாவே ஒதைக்கிது.”

“கொண்டியில போட்டு அடைச்சா நீயுந்தாண்டா ஒதைப்ப” என்றார் சீனிச்சாமி.

தெருவுக்குள் நுழையும்போது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பொன்னாத்தாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்கும் இல்லாமல் புது அரிசி. முகத்தில் ஒரு தெளிவுகூட இருந்தது. சீனிச்சாமி முன்னால் போய் நின்றார்.

“ஏ பொன்னாத்தா. ஒன்னையக் கேக்காம வித்தது தப்புத்தான். இந்தா, ஒங்க அண்ணன் குடுத்த மாடு.”

பொன்னாத்தாள் நிமிர்ந்தாள். செவலையைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவி அரிசி தெருவெல்லாம் சிதறியது.

“அய்யய்யோ!”

தெருக்கோடிக் கடைக்காரர் பழக்கத்தில் தராசைத் தூக்கினார். வீட்டுக்கு வீடு தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு மாதத்துக்கு மேலாக அடைத்துக் கிடந்த குரல்! சீனிச்சாமிக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

“தெறந்துட்டா! வாய் தெறந்துட்டா!” என்று அவரும் கூவினார். இப்போது அவருக்கும் தொண்டை இருந்தது. “சந்தோசத்துல கத்துறாய்யா எம் பொண்டாட்டி!”

பொன்னாத்தாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அரிசிக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அன்னத்தாய் ஓடி வந்தாள். மாட்டைப் பார்த்தாள், பொன்னாத்தாளைப் பார்த்தாள், கடைசியில் சீனிச்சாமியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கெடுத்தீகளே அண்ணே! பொறந்த வீட்டுச் சீரை வேண்டாமுன்னு வாய்விட்டுச் சொல்ல முடியாம, இந்தப் பேய் மாடு ஒழிஞ்சா ஒரு மண்டலம் மௌன வெரதம் இருக்கேன்னு குச்சனூருல இவ நேந்துக்கிட்டு வந்தா, வந்த அன்னைக்கே சாமி ஒழிச்சுக் குடுத்துச்சே. நாளைக்கு விடிஞ்சா வெரதம் முடிஞ்சிருமே!”